நாலாவது காயில்

மின்சார வண்டிகளுக்குச் சார்ஜர் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் அவளை எல்லோரும் காயில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாகச் செம்புக் கம்பி சுற்றுகிறாள். விரலால் தடவியே எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் சுற்றிய காயில் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை, முதலாளி அந்தப் பெரிய ஆர்டரைப் பிடித்துக்கொண்டு வரும்வரை.

பழைய சார்ஜரின் முன்பகுதியில், லைனிலிருந்து மின்சாரத்தைக் கண்டபடி இழுக்காமல் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட் ஒன்று உண்டு. அதில் இரண்டு காயில்கள் முறைவைத்துச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். மூன்று கிலோவாட் வரை அது அலட்டிக்கொள்ளாது. புது ஆர்டருக்கு ஆறு வேண்டும். இன்னும் இரண்டைச் சேர்த்தால் தீர்ந்தது என்று முதலாளி சுலபமாகச் சொல்லிவிட்டார். டிசைன் இன்ஜினியரும் நாலு காயில் வைத்து போர்டு வரைந்தார்.

ஓட்டிப் பார்த்தபோது மூன்று காயில்கள் வெதுவெதுப்பாக இருந்தன. ஓரத்தில் இருந்த நாலாவது தொட முடியாமல் கொதித்தது.

இன்ஜினியர் அதைக் கழற்றி வந்து அவள் மேஜையில் வைத்து, சுற்று எண்ணிக்கை தப்பு என்றார். அவள் மீட்டரில் காட்டினாள், சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் புதிதாக ஒன்று சுற்றச் சொன்னார். சுற்றினாள். அதுவும் கொதித்தது. அடுத்த தடவை கம்பி தளர்வு என்றார். அதற்கடுத்த தடவை, காயிலுக்குள் இருக்கும் கோரின் நடுவே வைக்கும் தாளின் தடிமன் சரியில்லை என்றார். அவளுக்கு விரல் நுனி தோலுரிந்ததுதான் மிச்சம்.

அன்று வீட்டில் குழம்பில் உப்புக் கம்மி என்று கணவர் சொல்லிவைக்க, "நீங்களும் மூணு தடவை திருப்பி அனுப்புங்க, திரும்பத் திரும்பச் சமைக்கிறேன்" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நாலாவது தடவை காயில் மேஜைக்கு வந்ததும், அதை எடுத்துக்கொண்டு நேரே டெஸ்ட் அறைக்குப் போனாள்.

"சார், இதை மூணாவது இடத்துல போடுங்க. அங்க இருக்கறதை நாலாவதுல போடுங்க."

கழற்றி மாட்ட அரை நாள் வீணாகும் என்று அவர் முனகினார்.

"எனக்கு ஒரு வாரம் வீணாச்சே சார், அப்ப யாரும் முனகலையே."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே மாற்றினார். ஓட்டி அரை மணி நேரத்தில் மறுபடியும் நாலாவது இடம்தான் கொதித்தது. குற்றம் சாட்டப்பட்ட காயில் மூன்றாவது இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் போர்டைக் குனிந்து பார்த்தார். நாலாவது காயிலின் பாதையில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று கண்ட்ரோல் சிப்புக்குச் சொல்லும் செம்புத் தடம், இடமில்லாததால் போர்டையே சுற்றிக்கொண்டு போயிருந்தது. போய்ச் சேர்வதற்குள் அளவு குறைந்துவிட, இந்தப் பாதை வேலை செய்யவில்லை என்று நினைத்த சிப், அதன் தலையில் மேலும் மேலும் கரண்டை ஏற்றியிருக்கிறது. தடத்தை வெட்டிவிட்டு, குட்டையாக ஒரு ஒயரைப் போட்டார். நாலும் ஒரே சூட்டுக்கு வந்தன.

ரிப்போர்ட்டில் அவர் "லேஅவுட்டில் சிறு திருத்தம்" என்று மட்டும் தட்டியதை அவள் பின்னால் நின்று படித்தாள்.

"காயில் மொதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வரி சேர்த்துக்கங்க தம்பி."

அத்தனை நாளும் சார் என்றவள் தம்பி என்றதில் அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த வரியைச் சேர்த்தார்.

முதலாளி வந்து நாலு காயிலையும் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார். அடுத்த பார்ட்டி பன்னிரண்டு கிலோவாட் கேட்கிறார்களாம், இன்னும் நாலைச் சேர்த்தால் ஆயிற்றாம். இன்ஜினியர் தரையைப் பார்த்தார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஷிஃப்ட் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.