ரிசர்வேஷனுக்கு ஜப்பானிய மொழியில் என்ன?

அரைகுறை ஜப்பானிய மொழியை வைத்துக்கொண்டு நான் செய்த தவறு இது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனிக்கு ஒரு ஜப்பானியப் பொறியாளர் வந்திருந்தார்; அவருக்கு மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. பக்கத்து ஊராட்சியின் புதிய தலைவர் மரகதத்தையும் அழைத்திருந்தோம். தலித் பெண், என் வயதுதான் இருக்கும்.

ரிசர்வேஷனில் வந்தவர் என்று முதலாளி அவரை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார். நான் சட்டென்று 'யோயாகு' என்றேன். ரயிலுக்கும் ஓட்டலுக்கும் முன்பதிவு செய்கிறோமே, அதற்கான சொல் அது. பொறியாளர் குழம்பிப்போய், "எவ்வளவு நாள் முன்னால் பதிவு செய்தார்?" என்று கேட்டார்.

"ஏனுங்க, என்ன கேக்கறாருங்க?" என்றார் மரகதம். மறைக்க முடியாமல் சொன்னேன். முதலாளி சிரித்துவிட்டார். மரகதம் சிரிக்கவில்லை.

"டிக்கெட் எடுத்து உக்காந்த எடமில்லீங்க. அந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குள்ள எங்கப்பாவ உட்டதே இல்லீங்க. இப்பச் சட்டம் கதவத் தொறந்துச்சு, சனங்க ஓட்டுப் போட்டு உக்கார வெச்சாங்க. அப்படியே சொல்லுங்க."

ஒற்றைச் சொல் தேடுவதை விட்டுவிட்டு, அவர் சொன்னதையே எளிய வாக்கியங்களில் சொன்னேன். பொறியாளர் எழுந்து நின்று, மரகதத்தின் முன் நன்றாகக் குனிந்து வணங்கினார். பிறகு இருவரும் மரகதத்தின் ஊர்த் தண்ணீரைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். என்னால் முடிந்தவரை மொழிபெயர்த்தேன்.

அதுவரை இட ஒதுக்கீட்டைச் சலுகை என்றே நினைத்திருந்தவன் நான். அன்றைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.