ஒரே மூச்சில் ஏழு

மேசை விளிம்பில் ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "கா-லந்-த-வ-றா." ஐந்து தட்டு. மறுநாள் ஓய்வுபெறும் ஓட்டுநருக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது அந்த அடைமொழி. அந்த ஓட்டுநர் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வண்டியை எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

தட்டிக்கொண்டிருந்த இவர், குடிநீர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். 'அடைமொழி அண்ணன்' என்றால்தான் யாருக்கும் தெரியும். முப்பது வருடமாகப் பிரிவுபசார விழாக்களில் வாழ்த்துரை இவருடையதுதான். செய்முறை எளிது: ஒரு பெயர்ச்சொல்லைப் பிடி, பின்னால் ஓர் 'அறியா'வையோ 'மாறா'வையோ கட்டு. ஓய்வறியா, புன்னகைமாறா. யாருக்கு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கோப்பைத் தேட ஆறு வாரம் எடுப்பவர், அடைமொழி கேட்டால் ஆறு நொடியில் தருவார்.

"நடுவுல மூச்சு வாங்கக் கூடாது" என்பது இவர் சட்டம். காரணம் உண்டு. ஒருமுறை காசாளர் மைக்கை வாங்கி, மேலதிகாரியைப் பார்த்து "கறை..." என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, "படியாக் கரங்கள்" என்று முடிப்பதற்குள் கூடமே சிரித்துவிட்டது. அதற்குப்பின் இவர் மைக்கை யாரிடமும் கொடுத்ததில்லை.

வீட்டிலும் விடுவதில்லை. "தட்டுல கை வெச்சதும் 'உப்பறியா உணவு'ங்கறாரு. உப்பு கம்மின்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்பார் மனைவி.

அடுத்த மாதம் இவரே ஓய்வுபெறும் முறை வந்தது. தனக்குத் தானே வாழ்த்துரை படிக்க முடியாதே! எல்லோருக்கும் வாரி வழங்கியவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதா? தனக்கென ஏழு அடைமொழி எழுதி, அசை அசையாகச் சிவப்பு மையில் கோடு போட்டு, கண்காணிப்பாளர் அம்மாவிடம் கொடுத்தார். மூன்று நாள் உணவு இடைவேளையில் பயிற்சி.

"சார், நாக்கு சுளுக்கிக்கும் போலிருக்கு."

"பழகிடும்மா. தட்டிச் சொல்லுங்க. தன்-ன-ல-மற்-ற."

விழாவன்று அந்த அம்மா தாளைப் பிரித்தார். பார்த்தார். இவரையும் பார்த்தார். மடித்துவிட்டார்.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப இருபது நாள் என் வேலையும் சேர்த்துப் பார்த்தாரு. ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்கலை. சார் நல்லவர்."

மைக்கை மேசையில் வைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலிக் கையில் இவர் விரல் பழக்கத்தில் தட்டியது. நல்-ல-வர். நான்காவது தட்டுக்கு உயர்ந்தது. ஒன்றும் வரவில்லை. விரலை இறக்கி, யாருக்கும் கேட்காமல், அந்த மூன்றையே இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.