பன்றி குத்தியதாக எழுதிய சீட்டு

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. தோழி வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன் என்று அவள் கேட்டால் என்னால் உடனே சரி என்று சொல்ல முடிவதில்லை. "எதுக்கெடுத்தாலும் உனக்குப் பயம்மா" என்று சிரிக்கிறாள். ஆறு வயதில் பார்த்ததை அவள் மறந்துவிட்டாள் என்று நம்புகிறேன்.

அப்போது ஜவ்வாது மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். கணவருக்கு ஒடுகத்தூரில் வேலை. சனிக்கிழமை மேலே ஏறி வருவார். மற்ற நாட்களில் நானும் மகளும்தான்.

வீடு வீடாகப் போவது என் வேலை. காய்ச்சல் உண்டா என்று கேட்பேன். தண்ணீர்ப் பானையை மூடச் சொல்வேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஊசி போடுவேன். அநேகமாக எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேலே, சுவரில் அடித்த இரண்டு முளைகளில் ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடக்கும். சாமைக் கதிர் முற்றும்போது பன்றி விரட்ட வைத்திருந்தார்கள். உரிமம் எதுவும் கிடையாது. மலைப் பனியில் கருமருந்து நமுத்துவிடும் என்பதால் புகை படும் இடத்தில் வைப்பார்கள். குழலின் வாய் வழியாக மருந்தும் ஈய ரவையும் போட்டு, கந்தல் துணியால் இடித்து அடைத்த துப்பாக்கி அது. ஒருமுறை அடைத்துவிட்டால் வெடித்துத்தான் காலி செய்யவேண்டும். மருந்தை வீணாக்க மனம் வராது. வெடித்தால் காட்டிலாகா ஆட்களுக்குக் கேட்கும் என்ற பயம் வேறு. அதனால் பன்றி வராத மாதங்களிலும் அது நிறைந்தபடியே இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். "ஏண்ணா, புள்ளைங்க நடமாடுற எடத்துல இப்டி வச்சிருக்கீங்களே?"

"கொயந்தைய ஈரத்துல போடாதேன்னு நீங்கதான நர்சம்மா சொல்றீங்க? இதுக்கும் சளி புடிச்சா வெடிக்காது."

அவர் மனைவி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில்தான் என் மகள் பாதி நேரமும் இருந்தாள். அவர்கள் பெண்ணுக்கும் அவள் வயதுதான்.

அந்த வருஷம் அறுப்புக்கு முன்னால் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். தொடையில் காயம். "பன்னி குத்திட்ச்சி" என்றார்கள். காயத்தைச் சுற்றித் தோல் கருகியிருந்தது. பன்றிக் கொம்பு தோலைக் கருக்காது. அவர் தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். துப்பாக்கி என்று எழுதினால் போலீஸ் வரும், அப்புறம் ஒரு வீட்டிலும் என்னை உள்ளே விடமாட்டார்கள். மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பாம்புக்கடிக்கும் என் மாதத் தாளில் கட்டம் இருந்தது. துப்பாக்கிக்கு இல்லை. பன்றி குத்தியது என்றே எழுதி, கீழே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தேன். அங்கே சீட்டை நம்பிக் காயத்தைக் கழுவித் தைத்து அனுப்பினார்கள். உள்ளே ரவையும் கந்தலும் இருந்தன. எட்டாம் நாள் தொடை கறுத்து அவர் செத்துப்போனார்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "நல்லவேளை, நீங்க காப்பாத்தினீங்க" என்று அவர் தம்பி என்னிடம் சொன்னான். போலீஸிடமிருந்து தன்னைக் காப்பாற்றினேன் என்று பொருள்.

அடுத்த மாதம் ஒரு காலை. பக்கத்து வீட்டில் வெடிச்சத்தம். ஓடினேன். பரணிலிருந்து கூடையை இழுத்தபோது துப்பாக்கி முளையிலிருந்து நழுவி அடுப்புக்கல்லில் விழுந்திருக்கிறது. என் மகள் களித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கவுனெல்லாம் ரத்தம். அவளைத் தூக்கிக் கவுனைக் கிழித்து முதுகு, வயிறு, தலை என்று தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு எதிரிலேயே அந்த வீட்டுச் சிறுமி தோளைப் பிடித்தபடி சுவரோரம் சாய்ந்திருந்தாள். அவள் அழவில்லை. நான் என் பிள்ளையைத் தடவி முடிக்கும்வரை காத்திருந்த மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப் போட்டேன். ஆலங்காயம் போகும் புளி லாரியை நிறுத்தினோம். சீட்டு எழுத உட்கார்ந்தபோது அவள் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"நர்சம்மா, பன்னின்னு எய்துங்க. அவுர ஜெயில்ல போட்டுடுவாங்க."

"வூட்டுக்குள்ள எப்டிக்கா பன்னி வரும்?"

"அன்னிக்கு அந்த ஆளுக்கு எய்தினீங்க இல்ல?"

லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். 'நாட்டுத் துப்பாக்கி. உள்ளே ரவையும் துணியும் இருக்கும்' என்று எழுதினேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

பெண் பிழைத்தாள். தோளிலிருந்து விரல் நீளக் கந்தலை எடுத்தார்களாம். அந்தக் கை மட்டும் தலைக்குமேல் உயராது. அவள் அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது.

அதற்குப் பிறகு எல்லா அடுப்புக்கு மேலும் வெறும் முளைகள்தான் இருந்தன. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் கிணற்றடியில் ஒரு பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "இப்ப எந்த வூட்லயும் கெடையாது நர்சம்மா. நல்லா போய்ப் பாத்துக்கோங்க. வெக்கப்போருக்குள்ள இன்னா கீதுன்னு மட்டும் கேக்காதீங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வைக்கோல் போரின் உட்பக்கம் மழையிலும் நனையாது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஏறிச் சறுக்கி விளையாடுவதும் அங்கேதான். இதுவரை என் கண் முன்னால் சுவரில் இருந்ததை, எனக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

என் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். என் மகளும் நாலைந்து பிள்ளைகளும் போரின் உச்சியில் இருந்தார்கள். "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க" என்று கத்தினேன். இறங்கினார்கள். கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒரு போர், அடுத்த போர், அதற்கடுத்தது. கையெல்லாம் கிழிந்தது. வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் தடுக்கவில்லை, ஒருத்தியும் இடத்தைக் காட்டவுமில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்த ஒன்றாவது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.