மாயக்கையும் பிரஸ் மெஷினும்

கவரைப்பேட்டையில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் பகடை ஆட்டம் தொடங்கிவிடும். ஒருவன் கதை சொல்லுவான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் வீரன், திருடன், மந்திரவாதி. நான் மந்திரவாதி. நெருப்பு மழை பொழியும் பெரிய மந்திரமெல்லாம் எனக்குப் பிடிக்காது, அதற்கு மூளை வேண்டியதில்லை. என்னிடம் இருந்தது மாயக்கை என்ற சில்லறை மந்திரம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை, ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கும், அவ்வளவுதான்.

அதை வைத்துச் சிறையின் வெளித்தாழ்ப்பாளை விலக்கியிருக்கிறேன். ஒருமுறை அரக்கன் குடிக்கும் கூழில் பேதி மருந்தைக் கலந்தேன். அவன் கோட்டையை விட்டுப் புதருக்கு ஓட, நாங்கள் ராஜநடையில் உள்ளே போனோம். கதை சொல்பவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மூளைடா உனக்கு. ரூல்ல கூடாதுன்னு இல்ல, அப்போ நடக்கும்" என்றான். ஆரணிக்காரன். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்கு அவன்தான் சூப்பர்வைசர்.

தகடு அடிக்கும் என் பழைய பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் டார்கெட் என்று ஒரு பேய் இருக்கிறதே. ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்துவிட்டால், தகடு மாற்ற ஒரு கை மிச்சம். லைனில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். என் பட்டனில் டேப் ஒட்டியது அவனே.

"இதான்டா நெஜ மாயக்கை. ஒட்டிக்கினு ஓட்டு" என்றான். சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இடது கையில் மூன்று விரல்கள் போயின.

விசாரணையில் எனக்கு வேண்டியிருந்தது அவன் வாயிலிருந்து ஒரே வாக்கியம்: டேப்பை நான்தான் ஒட்டினேன். அதைச் சொன்னால் என் வேலை தப்பும். "அவனா ஒட்டிக்கினான் சார். எனக்குத் தெரியாது" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ஆட்டத்தில் பகடை விழுந்தது விழுந்ததுதான், சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று எங்களிடம் சட்டம் பேசியவன் அவன். அவனுக்குக் குடும்பம் இருக்கிறது என்று சமாதானம் சொன்னார்கள். எனக்கென்ன, குடும்பம் இல்லையா? என் கவனக்குறைவு என்று முடிவாகி வேலை போனது.

பிறகு ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பை சாத்துக்குடியோடு வந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல், ரயில் தாமதமானதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது என் தோளைத் தட்டினான்.

"ஞாயித்துக்கெழம வந்துடு மச்சி. நீ இல்லாம ஆட்டமே பேஜாரா கீது. பகடை உருட்ட ஒரு கை போதும்ல."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.