கங்காணி ஆகச் சொன்னார்கள்

மென்பொருள் எழுதுகிறவர்களை யாரும் தேடிவந்து பாராட்டுவதில்லை. ஏதாவது நின்றுபோனால்தான் நம் பெயரே மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

நான் எழுதுவது பால் சொசைட்டிகளுக்கான மென்பொருள். ஆபீஸ் கொச்சியில், நான் இருப்பது எல்லையோர மீனாட்சிபுரத்தில் ஒரு வாடகை வீட்டில், தனியாக. இந்த ஊர் சொசைட்டியில் மென்பொருளை ஓடவைக்கும் வேலைக்காக இங்கே வந்தேன். பிறகு எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. எங்கிருந்தால் என்ன என்று இங்கேயே தங்கிவிட்டேன். போன மாதம், "ஆர்க்கிடெக்ட் ஆகிறாயா?" என்று கேட்டார்கள். இனி நான் புரோகிராம் எழுதவேண்டாம். எது எப்படி இருக்கவேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தால் போதும், மற்றவர்கள் எழுதுவார்கள். கொஞ்ச நாள் செய்து பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்றார்கள்.

அம்மாவின் சந்தோஷம்

ஏலப்பாறையில் இருக்கும் அம்மாவிடம் முதலில் சொன்னேன். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி என்னைப் படிக்கவைத்தவள். ஆர்க்கிடெக்ட் என்றால் என்ன என்று விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்குகிறவரை நினைத்து, அவளே பிடித்துக்கொண்டாள். "அப்போ கங்காணின்னு சொல்லு!" என்றாள். அவளுக்கு அப்படி ஒரு பூரிப்பு. இதில் பூரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவைத்தேன்.

"என்னட்டி இப்படிக் கேக்குற? கங்காணிகூட யாரும் உக்காந்து சோறு திங்க மாட்டாக, அம்புட்டு மரியாத!"

மௌனமான போன்

எங்கள் ஊர் சொசைட்டியில் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சோதிக்கிற செல்வி அக்கா, நான் புரோகிராம் எழுதிய காலமெல்லாம் விடிவதற்குள் போன் செய்து திட்டுவார். மெஷின் ஃபேட் காட்டவில்லை, பிரிண்டர் அசையவில்லை, கியூவில் எல்லோரும் கத்துகிறார்கள் என்று ஒரே சத்தம். எனக்கு எரிச்சலாக வரும். நானும் பதிலுக்குக் கத்தியிருக்கிறேன்.

படம் போட உட்கார்ந்ததும் அவருடைய புகார்கள் வேறு யாருக்கோ போக ஆரம்பித்தன. என் போன் வாயே திறக்கவில்லை. மீட்டிங்கில் பேசுவேன், மீட்டிங் முடிந்தால் வீட்டில் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட வாயைத் திறந்தபோது தொண்டை கட்டியிருந்தது. திட்டாவது வாங்கலாம் என்று நானே செல்வி அக்காவைக் கூப்பிட்டு, ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லா ஓடுதுங்க மேடம். ஏனுங்க, ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க கூப்புட்டீங்க?"

சளி பிடித்த ஏழு

பாலை ஊற்றியதும் ஃபேட் எவ்வளவு என்று எங்கள் மெஷின் சத்தமாகச் சொல்லும். எல்லைப் பக்கத்து சொசைட்டிகளுக்குத் தமிழ்க் குரல் வேண்டியிருந்தபோது, ஆள் தேடச் சோம்பல்பட்டு நானே மின்விசிறியை நிறுத்தி, போர்வைக்குள் உட்கார்ந்து எண்களைப் படித்துப் பதிவு செய்தேன். அன்று எனக்கு நல்ல சளி. 'ஏழு' என்று சொன்னதும் மூக்கை உறிஞ்சியது அப்படியே பதிவாகிவிட்டது. அப்புறம் திருத்தலாம் என்று விட்டதுதான். இன்றுவரை எந்த மாட்டின் பாலில் ஏழு வந்தாலும் மெஷின் மூக்கை உறிஞ்சும்.

ஆர்க்கிடெக்டாக நான் போட்ட முதல் படத்திலேயே அதற்கு முடிவு வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி, விலைக்கு வாங்கிய குரல். அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மீனாட்சிபுரத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

"எஸ்தரே, ஆர்க்கிடெக்ட் எல்லா ஊருக்கும் கூடி யோசிக்கணும், ஒரு ஊர்ல ஒட்டிப்பிடிச்சு நிக்கக்கூடாது."

கேனோடு நின்றவர்

புதுக் குரலை முதலில் எங்கள் ஊரில்தான் போட்டுப் பார்த்தோம். சாயங்காலம் சொசைட்டிக்குப் போய் ஓரமாக நின்றேன். புதுக் குரல் சுத்தமாக இருந்தது. செய்தி வாசிக்கிற மாதிரி, "நான்கு புள்ளி ஏழு" என்றது. கேனோடு நின்ற பெரியவர் ஒருவர் நகரவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "ஏனுங்க செல்வி, அந்தச் சளி புடிச்ச புள்ளைய எங்கீங்க? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நான்தாங்க அது" என்றேன். அந்தச் சத்தத்திலேயே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. கேனைக் கீழே வைத்தார்.

"அட, நீங்களா? காத்தாலயும் பொழுதோடயும் எங்ககூடப் பேசறீங்க, நாங்க ஒருக்காகூடத் திருப்பிப் பேசுனதில்லீங்களே!"

கங்காணி வேலை வேண்டாமென்று மறுநாளே எழுதிவிட்டேன். மற்ற ஊர்களிலும் என் குரலை நீக்கும் பொறுப்பு இனி வரப்போகும் ஆர்க்கிடெக்டுடையது, விடிவதற்குள் செல்வி அக்காவிடம் திட்டு வாங்கும் பொறுப்பு மட்டும் மறுபடியும் என்னுடையது.