தாம்பூலப் பையும் தோட்டத்துக் கேட்டும்

மலாய் நாட்டுப் புலாவ் செபாங் ஊரில் எங்கள் சங்கத்துக்கு அப்போது சொந்தமாக இருந்தவை ஒரு ரப்பர் முத்திரை, ஒரு கரும்பலகை, மூன்று தையல் மெஷின்கள். மெஷின்களில் ஒன்று தைப்பதைவிட நூல் அறுப்பதில் கெட்டி. இருப்பிடம், கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த அறை. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்குத் தையல். யார் வீட்டிலாவது சீக்கு என்றால் பக்கத்து ஊரான தம்பினில் இருந்த ஆஸ்பத்திரிக்கு மளிகைக்காரரின் கார். சங்கம் என்பது இவ்வளவுதான். நான் அதன் செயலாளர். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி எழுதுகிறவனும் நானே என்பதால், சங்கத்தில் யார் தும்மினாலும் அடுத்த வாரம் அச்சில் வந்துவிடும்.

கொரியாவில் சண்டை மூண்டதும் இங்கே ரப்பர் விலை ஏறியது. ஏறிய விலைக்கு ஊரே சிரித்தது, எங்களைத் தவிர. கட்டடத்துச் சொந்தக்காரரான சீன முதலாளி, ஊர் வழக்கில் தவுக்கே, ரப்பர் ஷீட் அடுக்கி வைக்க இடம் வேண்டும், அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

பிள்ளைகளின் பாடத்தை எங்கேயாவது மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். மெஷின்களை மரத்தடியில் வைக்க முடியாது. தையல் வகுப்பு நின்றால், அந்த வகுப்புச் சம்பளத்தில் தனியாக ஓர் அறை எடுத்துக் குடியிருந்த டீச்சர் ஊரைவிட்டுப் போக வேண்டும். முப்பது வயதுக்குள் புருஷனைக் காய்ச்சலில் இழந்தவர். போக்கிடம் தங்கா பத்துவில் இருந்த அண்ணன் வீடு. அதைப் பற்றி அவரே ஒருமுறை சொன்னார்: "அண்ணனும் நல்லவரு, அண்ணியும் நல்லவங்க. ரெண்டு நல்லவங்களுக்கு நடுவுல குடியிருக்கறது ரொம்பக் கஷ்டம்லா."

ஆகவே சொந்தக் கொட்டகை. நிலம் கிடைத்துவிட்டது. ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையோரம் ஒரு துண்டு. ஆற்றுத் தண்ணீர் வந்து போகும் இடம் என்பதால் வேறு யாரும் கேட்கவில்லை. பணம் வேண்டும். அதற்கு ஒரு விழா வேண்டும்.

எங்கள் தலைவர் யாழ்ப்பாணத்தார், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். வெள்ளைக் காற்சட்டையின் மடிப்பு மாலை வரைக்கும் அப்படியே நிற்கும். அவசர காலச் சட்டம் அமலில் இருந்ததால் கூட்டம் கூட்டுவதற்கு அனுமதி, ஒலிபெருக்கிக்கு அனுமதி, லாரிக்கு அனுமதி, எல்லாவற்றையும் அவரே போய் வாங்கினார். அரசாங்க அறிவிப்பை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக எங்களுக்கு வாசித்தும் காட்டினார். காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, தோட்டங்களின் கம்பி வேலிக்குள்ளிருந்து அரிசி, சர்க்கரை, எண்ணெய், டின் பால் எதுவும் வெளியே போகக்கூடாது. சட்டத்தில் தலைவருக்கு இருந்த பயம், சட்டம் எழுதினவருக்குக்கூட இருந்திருக்காது.

விழா நடக்கும் இடம் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட். மத்தியானம் தொடங்கி, கேட் மூடும் ஆறு மணிக்கு முன்னால் வெளியாட்கள் எல்லாரும் போய்விட வேண்டும்.

"சோறு வேண்டாம். பலகாரமும் வேண்டாம். வெறும் தேத்தண்ணி," என்றார் தலைவர். "சட்டத்துக்கை ஒரு ஓட்டையும் விடக்கூடாது, தம்பி."

பொருளாளராக இருந்த மளிகைக்காரருக்கு மனசு ஆறவில்லை. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் நாளைக்குக் கடைக்கு எவன் வருவான் என்று கேட்டார். பிறகு சமாதானமாகி, சரி, போகும்போது தாம்பூலமாவது கொடுப்போம் என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். தலைவருக்கும்தான். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கொஞ்சம் கற்கண்டு, ஒரு தேங்காய். தேங்காய்க்குத் தங்கா பத்து இருக்கிறது. டீச்சரின் அண்ணன் கடலோரத்தில் கொப்பரைக் கொட்டகையில் வேலை பார்த்தார். தங்கை மானமாக ஊரில் இருக்க வேண்டும் என்று லாரி நிறைய அனுப்பி வைத்தார். பைகளை வகுப்புப் பெண்கள் மாவுச் சாக்குத் துணியில் தைத்தார்கள். ஒவ்வொரு பையின் ஓரத்திலும் தைத்தவள் கற்ற கடைசிப் பாடம் தெரிந்தது. சிலதில் பூ, சிலதில் கோணல் கோடு.

அந்தப் பேச்சு நடந்த அறையில் நான் இருந்தேன், தலைவர் இருந்தார், அரசாங்க அறிவிப்பும் மேசைமேல் இருந்தது. தாம்பூலத்தில் தேங்காய் இருக்கிறது, தேங்காய் தின்னும் பொருள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தாம்பூலம் எங்களுக்குச் சாப்பாடு அல்ல. மரியாதை.

விழா நன்றாகவே நடந்தது. தோட்டத்துத் துரை வந்து, சுருக்கமாகப் பேசி, காசோலை கொடுத்து, துப்பாக்கிக் காவலோடு சீக்கிரம் போனார். பிறகு எங்கள் வழக்கப்படி தட்டு சுற்றியது. கொடுத்தவரின் பெயர், தொகை, ஊர் மூன்றும் ஒலிபெருக்கியில் வரும். லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து வந்த ஒரு மேஸ்திரியின் ஊரைத் தவறாகப் படித்துவிட்டார்கள். ஊர் சரியாக வருவதற்காகவே அவர் இன்னொரு முறை கொடுத்தார். பொருளாளர் அதைக் கவனித்து, ஒலிபெருக்கியைத் தன் கைக்கு வாங்கி, அதன்பின் பலருடைய ஊரைத் தவறாகப் படித்தார்.

முடிவில் தட்டைப் பார்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் வந்து சொன்னார்: "கூரை வந்துருச்சி. சுவரு வரல."

டீச்சர் அங்கே பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டது போலக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பையை நீட்டிய கை மட்டும் நீட்டியபடி நின்றது. வாங்க வேண்டிய அம்மாள் தானாகவே எடுத்துக்கொண்டு போனார். சுவரில்லாத இடத்தில் மெஷினை வைத்தால் ஒரே ராத்திரியில் திருட்டுப் போய்விடும், வகுப்பும் நின்றுவிடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கேட்டில் காவல் சார்ஜன் ஒரு மலாய்க்காரர். வயிறு கொஞ்சம் முன்னால் வந்தவர், அவசரமில்லாதவர். முதலில் வந்த அம்மாளின் பையைத் திறந்தார். தேங்காயை எடுத்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். வைத்தார். அடுத்த பை. அதிலும் தேங்காய். தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மாதிரி பை.

"மக்கானான். கெலுவார் தா போலே," என்றார். சாப்பாட்டுப் பொருள், வெளியே போகக்கூடாது.

தலைவர் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். விஷயம் புரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தேங்காயைச் சாப்பாடெண்டு ஆர் நினைச்சது?" என்று என்னிடம் கேட்டார், நான் ஏதோ தென்னை மரம் போல.

சார்ஜன் கெட்டவர் அல்ல. பொருளை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், நான் ஒன்றும் எழுதப் போவதில்லை என்றார். வெற்றிலையை மட்டும் முகர்ந்து பார்த்து, இது மக்கானான் இல்லை, என் அம்மாவும் போடுவாள் என்று விட்டுவிட்டார். பாக்கும் தப்பியது. வாழைப்பழத்துக்கு அங்கேயே தீர்வு கிடைத்தது. வரிசை முழுவதும் உரித்துத் தின்றது. கற்கண்டு, கேட்டருகே நின்ற தோட்டத்துப் பிள்ளைகளின் வாய்க்குப் போனது. தேங்காய்தான் நின்றது.

வைத்துவிட்டுப் போங்கள் என்றால் வைப்பார்களா? மஞ்சள் குங்குமத்தோடு கையில் வாங்கிய தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்தப் பெண் வீட்டுக்குப் போவாள்? வரிசையின் முன்னால் இருந்த அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சார்ஜனின் தாயார் வயதுதான் தனக்கும் என்பதைத் தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள், முன்னால் இருப்பவர் நகரட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். அவர் நகரவில்லை. லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு இத்தனை பேர் வேலிக்குள் மாட்டிக்கொண்டால், அனுமதி வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கூரையும் கிடைக்காது.

கேட்டுக்குச் சற்று உள்ளே ஒரு பிள்ளையார். வேலி போட வந்தவர்கள் நேர்கோட்டில் போட்டிருந்தால் அவர் வெளியே போயிருப்பார். தோட்டத்து ஆட்கள் சண்டை போட்டு வேலியை வளைக்க வைத்தார்கள். அந்த வளைவில் அவர் கம்பிக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் வரிசையின் கடைசியிலிருந்து வந்தார். தன் பையிலிருந்து தேங்காயை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். பிள்ளையார் முன்னால் இருந்த கல்லில் ஓங்கி ஒரு போடு. தேங்காய் சிதறியது. திரும்பி வரிசையைப் பார்த்துச் சொன்னார்:

"சுவரு வரணும்னு வேண்டிக்கிட்டு உடைச்சேன். நீங்க என்ன வேண்டிக்கிறீங்களோ, சீக்கிரம் வேண்டிக்குங்க. எனக்குப் பஸ் போயிரும்."

முன்னால் இருந்த அம்மாள் சார்ஜனைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். திருப்பிக் கொடுப்பதுதான் ஆகாது. சாமிக்கு உடைப்பதை யார் ஆகாது என்பார்கள்? போய் உடைத்தார். பிறகு வரிசையே அந்தப் பக்கம் திரும்பியது. தோட்டத்துப் பிள்ளைகள் சில்லுகளுக்குப் பாய்ந்தார்கள். சார்ஜன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துண்டுகள் வேலிக்கு அந்தப் பக்கம் தெறிக்காமல் தள்ளி நின்று உடைக்கச் சொன்னார். அவரளவில் சட்டம் காப்பாற்றப்பட்டது.

இந்த இடத்தில்தான் பொருளாளர் தன் தொழிலைக் காட்டினார். எங்கேயோ போயிருந்தவர், விழாத் தட்டோடு வந்து பிள்ளையார் பக்கத்தில் நின்றார். தட்டில் முதல் நோட்டு அவருடையது, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. சாமி முன்னால் தேங்காய் உடைத்துவிட்டுத் தட்டைக் கடந்து சும்மா போகிற பழக்கம் எங்கள் ஜனங்களுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கொடுத்தவர்கள் இங்கே மறுமுறை கொடுத்தார்கள். லூபோக் சீனா மேஸ்திரி மூன்றாம் முறை. இந்தத் தடவை அவர் ஊர்ப் பெயரைத் தானே உரக்கச் சொல்லிவிட்டுப் போட்டார்.

தலைவரின் கையிலும் ஒரு பை இருந்தது. அவர் தயங்கினார். "ஐயா, நீங்க வேதக்காரரு, உங்களுக்கு வேண்டாம்," என்றார் பொருளாளர் பெருந்தன்மையாக.

"கொட்டகை எல்லாருக்கும்தானே," என்று சொல்லி, கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தலைவர் எறிந்தார். தேங்காய் கல்லில் பட்டு முழுசாகத் துள்ளி அவரிடமே வந்தது. இரண்டாம் முறை உடைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் சிரித்ததை அந்த மாதத்தில் அன்றைக்குத்தான் பார்த்தோம். கேட் மூடுவதற்கு முன் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம், கையில் வெற்றிலையும் பாக்கும் பையுமாக.

நான் நடந்ததை நடந்தபடி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். காலம் அப்படி. ஆசிரியர் கேட்டையும் சார்ஜனையும் வெட்டிவிட்டார். பிள்ளையாரும் கூடவே போய்விட்டார். அச்சில் வந்தது இதுதான்: வந்திருந்தோர் அனைவருக்கும் தாம்பூலம் வழங்கப்பட்டது. விழா இனிதே நிறைவுற்றது.

பொருளாளர் தட்டை எண்ணி முடித்து, "சுவரு வந்துருச்சி," என்றார். பிறகு பலகை விலையைக் கேட்டு வந்து, "இடுப்பு வரைக்கும்," என்றார்.

அப்படியே கட்டினோம். தரையை ஆற்றுத் தண்ணீருக்கு மேலே உயர்த்தி, மேலே தகரக் கூரை, சுற்றிலும் இடுப்பளவு பலகை, அதற்கு மேல் காற்று. மெஷின்களைப் பூட்டி வைக்க ஒரு பெரிய பெட்டி செய்து கொடுத்தார் தவுக்கே, காசு வாங்காமல். மாதக் கடைசி நாளில் அதே தேங்காய் லாரியில் மெஷின்கள் இடம் மாறின. முன் சீட்டில் டீச்சர். நூல் அறுக்கும் மெஷினை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதை நம்பிப் பின்னால் விட முடியாது என்றார்.

அரைச் சுவரால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பழைய அறையில் ஒரு வகுப்பு நடப்பது கடைத்தெருவுக்கே தெரியாது. இப்போது ரயிலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கைகளைப் பலகைமேல் வைத்து நின்றார்கள். ரவிக்கைக் கழுத்தை இப்படி வெட்டக்கூடாது என்று வெளியிலிருந்தே சொன்னார்கள். சொன்னவர்களை டீச்சர், உள்ளே வந்து வெட்டிக் காட்டுங்கள் என்றார். வந்தவர்கள் பலர் திரும்பிப் போகவில்லை. லூபோக் சீனாப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் மாவுச் சாக்குப் பையோடு வந்து இறங்கினார்கள். மேஸ்திரியின் மகளும் மருமகளும். பையின் ஓரத்தில் கோணல் கோடு. இதைவிட நேராகத் தைக்க நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள்.

ஞாயிறு மட்டும் நடந்த வகுப்பு வார நாளுக்கும் வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மாருக்காக ஒரு மூலையில் தூளி கட்டினோம். தூளி ஒன்றிலிருந்து வரிசையானது. பிறகு அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆயா. இப்படித்தான் எங்களுக்குப் பாலர் பள்ளி வந்தது, யாரும் தீர்மானம் போடாமல்.

இன்னொரு விழாவுக்குப் பின் கையில் பணம் சேர்ந்தது. அதற்குள் எங்கள் பக்கத்தை வெள்ளைப் பகுதி, அதாவது ஆபத்து நீங்கிய இடம், என்று அறிவித்து, கேட் சோதனையும் போய்விட்டது. தாம்பூலத் தேங்காய்கள் வீடு வரைக்கும் போயின. கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் முதல் காரியமாகச் சுவரை எடுத்தார். மழைச் சாரல் அடிக்கிறது, மரியாதையாகவும் இல்லை, கூரை வரைக்கும் ஏற்றிவிடுவோம் என்றார். பொருளாளரும் பலகை விலையோடு தயாராக வந்திருந்தார்.

டீச்சரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தோம். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டிருந்தார். கோத்து முடித்ததும் சொன்னார்:

"சுவரு வேண்டாங்க. மெஷின் வாங்குங்க."

தலைவர் சாரலைப் பற்றி மறுபடியும் ஏதோ சொல்லத் தொடங்கினார். பலகைக்கு வெளியே, குடையை மடக்கியபடி, கக்கத்தில் ரவிக்கைத் துணியோடு ஒரு பெண் நின்று எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுந்து போய், அவளிடம் என்ன அளவு என்று கேட்டார்.