முதல் குடம்

பியாட்ரிஸுக்குக் கோபம் வர ஆறு வருஷம் ஆயிற்று. அவளைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ரேஷன் கடையில் தராசுத் தட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவாள். கோயில் கூட்டத்தில் சாமியார் கணக்குச் சொல்லும்போதே எழுந்து, அது அப்படி இல்லை ஃபாதர் என்று நிறுத்துவாள். அப்படிப்பட்டவள் வீட்டுச் சொந்தக்காரர் சேஷகிரியை மட்டும் ஆறு வருஷம் எதிர்த்துப் பேசவில்லை. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்த மரியாதை தாய்ப்பாலோடு வருகிறது.

ஜீவனஹள்ளியில் அவள் குடியிருந்தது ஒரு வட்டாரத்தில். முன்னால் சேஷகிரியின் மாடி வீடு, பின்னால் ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றி ஒன்பது ஓட்டு வீடுகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று குளியலறைகள். பெங்களூரில் இப்படி ஒரே முற்றத்தில் அடைந்து கிடக்கும் குடித்தனங்களுக்குத்தான் வட்டாரம் என்று பெயர். பியாட்ரிஸின் புருஷன் தியோடர் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவளுக்குக் காக்ஸ் டவுனில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல்.

மார்கழிக் குளிரில் பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது. ஆகவே விடிவதற்கு முன்பே ஒன்பது வீட்டு வாசலிலும் மரத்தூள் அடுப்பு புகையும். தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டுக் கெட்டியாக இடித்து, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். தூள் ஈரமாக இருந்துவிட்டால் முற்றம் முழுக்க இருமல்தான். பியாட்ரிஸ் வீட்டிலும் புகை தின்று, ஹாஸ்டலிலும் புகை தின்றாள்.

தொண்ணூற்றிரண்டில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சோலார் வைத்தார்கள். மறுநாள் காலையில் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விறகில்லை, கரண்ட் இல்லை, நேற்றைய வெயில் இன்று குழாயில் கொதிக்கிறது. வைத்துக் கொடுத்த உமேஷ் அடுகோடிப் பேட்டையில் பட்டறை நடத்துகிறவர். ஒன்பது குடித்தனத்துக்கு இது ஆகுமா என்று அன்றைக்கே அவரைப் பிடித்துக் கேட்டாள். ஒரே பெரிய டேங்காக வைத்தால் வீட்டுக்கு இரண்டு குடம் தாராளமாக வரும் என்றார் உமேஷ்.

கடனுக்கு ஒரு பேங்குக்குப் போனார்கள். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, சொந்த வீடு இருக்கிறதா என்பது. இல்லை என்றதும், ஒன்பது வாடகைக்காரர்கள் சேர்ந்து ஒரு சாமானை வைத்துக்கொள்வதா, அதை யாருடைய சாமான் என்று நான் எழுதுவது என்று சிரித்தார். ஒருத்தன் தனக்காக லாரி வாங்கக் கேட்டால் கடன் உண்டு. ஒன்பது பேர் வெந்நீருக்குக் கேட்டால் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பியாட்ரிஸுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் பல வருஷமாக வட்டாரத்தில் ஏலச் சீட்டு நடத்தி வந்தாள். அவசரப்படுகிறவர் சீட்டைத் தள்ளி எடுப்பார். அவர் விட்டுக்கொடுக்கும் தொகை கழிவாக எல்லோருக்கும் பிரியும். அந்தக் கழிவில்தான் வட்டாரத்துப் பெண்கள் ஒரு ரவிக்கைத் துணியோ, ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் கறியோ வாங்குவார்கள். இனி இரண்டு வருஷம் யாரும் கழிவைத் தொட வேண்டாம் என்று பியாட்ரிஸ் கேட்டாள். முணுமுணுத்தார்கள், கடைசியில் சம்மதித்தார்கள். கார்மென்ட்ஸில் தைக்கப் போகும் பக்கத்து வீட்டுச் சரளா, மாமியாரின் ஆபரேஷனுக்காக அந்தச் சமயத்தில் படு நஷ்டத்துக்குச் சீட்டை எடுத்தாள். அவள் விட்டுக்கொடுத்தது அத்தனையும் டேங்குக்குப் போயிற்று. அந்தச் சாமானில் அதிகப் பங்கு யாருக்கென்று கேட்டால், ரொம்பக் கஷ்டப்பட்ட சரளாவுக்குத்தான்.

இரண்டு வருஷத்தில் சாமான் தயார். வைக்க இடம்? ஓட்டுக்கூரை தாங்காது. குளியலறைகளுக்கு மேலே தளம் போட்டிருந்தாலும், மாடி வீட்டின் நிழல் மத்தியானம் வரை அதன்மேல் கிடக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு பியாட்ரிஸும் தியோடரும் சேஷகிரியிடம் போனார்கள். அவர் மறுபேச்சில்லாமல் மொட்டை மாடியைக் கொடுத்தார். நல்ல காரியம் என்றுகூடச் சொன்னார். அன்றைக்கு மனதாரச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் காலை முற்றத்துக் குழாயில் ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. ஒன்பது வீட்டுக் குடங்களும் வரிசையில் நின்றன. பியாட்ரிஸ் முதல் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகச் சேஷகிரி வீட்டுப் பின்வாசலுக்கு நடந்தாள். அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் பலகாரத்தில் முதல் தட்டு வீட்டுக்காரருக்கு, பொங்கலில் முதல் கரண்டி வீட்டுக்காரருக்கு என்று பழகிய கால்கள் தாமாக நடந்தன.

“டெய்லியும் இப்படியே குடுக்கப்போறியாக்கா?” என்று சரளா கேட்டாள்.

“இருக்கட்டும்டீ. அவர் மாடிதானே. ஒரு குடத்துல இன்னா கொறைஞ்சுடப் போவுது.”

என்ன குறைந்தது என்று கேளுங்கள். மூன்றாம் மாதம், வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி என்று இரண்டு குடமாயிற்று. அடுத்த வருஷம் சேஷகிரி ரொம்பக் கரிசனமாக, நீங்கள் ஏன் தினமும் சுமக்க வேண்டும், நானே ஒரு பைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். பியாட்ரிஸ் அதற்கு நன்றி வேறு சொன்னாள். பைப் அவர் குளியலறைக்குப் போயிற்று, பிறகு மாடியில் மகனுடைய குளியலறைக்கும் போயிற்று. அப்புறம் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. முற்றத்துக்கு வரும் பைப்பின் வால்வு பாதி மூடிக்கொண்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்கள். இங்கே இடம் கொடுத்தவனே மடத்தையும் பிடுங்கிக்கொண்டான்.

முற்றத்துக் குழாயில் நாலு குடம் சுடும், அதற்குமேல் பச்சைத்தண்ணீர். மரத்தூள் அடுப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. போய்ச் சொன்னால் சேஷகிரி சிரித்துக்கொண்டே, என் மோட்டார்தானே தண்ணியை மேலே ஏற்றுகிறது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ என்பார். மோட்டார் கரண்டுக்கென்று வாடகையோடு தனியாக அவர் வாங்குவதைப் பற்றிப் பேச்சே இருக்காது. வட்டாரத்தில் மூத்தவரான அப்பாதுரையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றுதான் சொன்னார். இந்த ஊரை இந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் பாருங்கள், மாடியில் இருப்பவன் ஒரு நாளும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வதில்லை.

இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் வீடு தேடி இந்தப் பக்கமும் வர ஆரம்பித்தார்கள். சேஷகிரி கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவதென்று தீர்மானித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரண் என்ற பையனைப் புரோக்கர் கூட்டி வந்தார். பியாட்ரிஸ் முற்றத்தில் உட்கார்ந்து டின்னில் மரத்தூளை இடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மொட்டை மாடியிலிருந்து சேஷகிரியின் குரல் கேட்டது.

“சோலார் கீது சார். நான் போட்டது. நாள் பூரா ஹாட் வாட்டர்.”

இடித்துக்கொண்டிருந்த கை நின்றது. தண்ணீரை எடுத்தான், பொறுத்தாள். வால்வைத் திருகினான், பொறுத்தாள். 'நான் போட்டது' என்ற சொல்லை அவளால் பொறுக்க முடியவில்லை. சரளாவின் மாமியாருடைய ஆபரேஷன் அந்த டேங்கில் இருக்கிறது, ஒன்பது வீட்டுப் பெண்கள் தைத்துக்கொள்ளாத ரவிக்கைகள் இருக்கின்றன. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று இவன் அதை வாடகைக்கு விடுகிறான். கையில் ஒட்டிய தூளோடு அவள் மாடிப்படி ஏறினாள்.

யார் போட்டது சார் என்று அந்தப் பையனுக்கு முன்னாலேயே கேட்டாள். சேஷகிரி குரலை உயர்த்தவில்லை. கிரணைப் படிப்பக்கம் அனுப்பிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

“பியாட்ரிஸம்மா, மொத நாள்லேர்ந்து மொத குடம் எங்க வீட்டுக்குத்தானே வந்துது? சாமான் யாருதோ, அவங்களுக்குத்தானே மொதல்ல குடுப்பாங்கோ? நான் கேட்டேனா? நீங்களே கொணாந்து குடுத்தீங்கோ.”

படியிறங்கி வந்த பியாட்ரிஸ் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை அளைந்துகொண்டே தியோடரிடம், நான் மரியாதைக்குக் கொடுத்ததை அந்த ஆள் பட்டாவாக்கிக்கொண்டான் என்றாள். தன் மேலும் அவளுக்கு அவ்வளவு கோபம். திருடனுக்குத் தினமும் இடுப்பு வலிக்கச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்திருக்கிறோமே என்று வெட்கத்தில் பொருமினாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தியோடர் ஸ்பேனர்களை எடுத்தார். அடுகோடியிலிருந்து உமேஷ் வந்திருந்தார். புதுக் குடித்தனத்துக்காகச் சுண்ணாம்பு அடிக்கிற ஆட்கள் வந்திருந்ததால் மொட்டை மாடி திறந்தே கிடந்தது. பியாட்ரிஸும் சரளாவும் முன்னே போக, மற்ற வீட்டுப் பெண்களும் ஏறினார்கள். அப்பாதுரை தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் நட்டைக் கழற்றும் சத்தத்துக்கே சேஷகிரி ஓடி வந்துவிட்டார். என் மாடியில் யாரைக் கேட்டுக் கால் வைத்தீர்கள், போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். பியாட்ரிஸ் அவருக்கு எதிரே போய் நின்றாள்.

“மாடி உங்களுது சார். ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டோம். இது எங்களுது. போலீஸ் வரட்டும், இது யார் கழிவுல வந்துதுன்னு ஒம்போது பேரும் சொல்றோம்.”

“அப்போ மூணு மாசத்துல எல்லாரும் காலி பண்ணுங்கோ.”

“பண்றோம். இதையும் தூக்கினுதான் போவோம்.”

எங்கே தூக்கிக்கொண்டு போவது? எந்தக் கூரைக்கு? இது அவளுக்கும் தெரியாது. வெயில் யாருக்கும் வாடகை கேட்பதில்லை. அதைப் பிடித்து வைக்க ஒரு கூரை வேண்டும், அந்தக் கூரை எப்போதும் இன்னொருவனுடையதாக இருக்கிறது. இந்த நியாயத்தை எந்தப் பேங்க் மேனேஜரிடம் போய்க் கேட்பது? ஆனால் அதற்காகச் சாமானை விட்டுவிட்டுப் போக அவள் தயாராக இல்லை. கண்ணாடித் தகடுகளைப் பழைய புடவைகளில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியை இறக்குவதுபோல் படி படியாக இறக்கினார்கள்.

சாயங்காலத்துக்குள் உமேஷ் அதைக் குளியலறைத் தளத்தின் மேல் நிறுத்திவிட்டார். குளியலறை வாடகையில் அடங்கியது, அதைத் தடுக்கச் சேஷகிரிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. தண்ணீரை இனி ஏணி வைத்து ஏறி ஊற்ற வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகுதான் வெயில் விழும், ஆகவே பழைய சூடு வராது என்று உமேஷ் முன்கூட்டியே சொன்னார். பரவாயில்லை, வைங்க என்றாள் பியாட்ரிஸ்.

மறுநாள் முழுக்க வெயில் காய்ந்தது. அதற்கு அடுத்த காலை ஒன்பது குடங்களும் வரிசைக்கு வந்தன. அப்பாதுரையின் குடம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. அதைச் சரளா காலால் கடைசிக்குத் தள்ளினாள். பியாட்ரிஸ் முதல் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினாள். பழைய பழக்கம், கால்கள் சேஷகிரியின் பின்வாசல் பக்கம் இரண்டடி நடந்துவிட்டன. வாசலில் அவர் துண்டும் கையுமாக நின்றிருந்தார்.

பியாட்ரிஸ் நின்றாள். திரும்பினாள். குடத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. முதல் குடத்தை அவள் தன் தலையில் ஊற்றிக்கொண்டது அன்றைக்குத்தான்.